புறப்படும் இடம்: பலாலி

ஸ்ரான்லி வீதி, மேல்மாடி, மூன்றாவது கதிரை.
ரிக்கற் எடுக்க வருகிறவர்களுக்கு
விலை சொல்கிறவள் நான்.
எமிலியானுஸ் அண்ணை விலை கேட்கவில்லை.
"பிள்ளை, பலாலியிலயிருந்து ஒஸ்லோ
எத்தினை கிலோமீற்றர்?"

தட்டிப் பார்த்தேன்.
"ஏழாயிரத்துத் தொளாயிரம் சொச்சம்."
"நேரம்?"
"நேர்கோட்டில பறந்தால் ஒன்பதரை மணித்தியாலம்.
ஆனால் நேர்கோட்டில பறக்கிற பிளேன்
ஒண்டும் இல்லை அண்ணை.
சென்னைக்கு ஒண்டேகால்.
அங்கை எட்டு மணித்தியாலம் குந்தியிருக்கவேணும்.
டோகாவுக்கு நாலேமுக்கால், அங்கை மூண்டு,
பிறகு ஏழு.
எல்லாமாய் ஒரு நாள்."

ஒரு நாள் என்றதும் யோசனையில் விழுந்தார்.
காசைத்தான் யோசிக்கிறார் என்றிருந்தேன்.
"நண்டுக்கறி தாங்குமோ?" என்றார்.
மகளுக்கு எட்டாம் மாதம்.
"பிரட்டலாய் வத்த வைச்சு, ஐஸில போட்டால்..."
சுங்கக்காரரைப் பற்றிச் சொன்னேன்.
காதில் விழாதவர்போல
மணித்தியாலங்களை விரலில் மடக்கிக்கொண்டிருந்தார்.
விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களை
இந்தத் திரை கணக்கில் சேர்ப்பதில்லை.
நானும் சேர்க்கவில்லை.

பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.
"பலாலி எண்டால், பலாலியில எவ்விடம்?"

ஏழு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.
படத்தைப் பெருப்பித்தேன்.
ஓடுபாதையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி
மூக்கு முட்டுமட்டும் குனிந்தார்.
"எங்கடை கிணறு இதிலயிருந்து
வடக்கால நாப்பது யார்.
அதைக் கழிச்சுப்போட்டுச் சொல்லும்."

நாற்பது யார், முப்பத்தாறரை மீற்றர்.
கழித்தேன்.
எண் அசையவில்லை.
"அதே அளவுதான் அண்ணை."
"அதெப்பிடி?"
குரலில் கோபம் இல்லை.
மீன்கடையில் தராசைப் பார்க்கிறவரின் சந்தேகம்.
"தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாசம்,
வாளியைக் கிணத்துக்கட்டில வைச்சிட்டு வெளிக்கிட்டனான்.
இன்னும் போய் எடுக்கேல்லை.
எங்கை, பலாலியிலயிருந்து பலாலிக்கு
ஒருக்கால் அடிச்சுப் பாரும்."

வேலை நேரத்தில் விளையாட்டுக் கூடாதுதான்.
அடித்தேன்.

புறப்படும் இடமும் சேரும் இடமும்
ஒன்றாயிருக்க முடியாது.

சிவப்பு எழுத்து. இங்கிலீசில் வந்தது.
நான் தமிழில் சொல்லவில்லை.
"நெற் வேலை செய்யேல்லை" என்றேன்.
"ம்" என்றார்.
அந்த வரியின் கடைசிச் சொல்லில்
அவருடைய கண் கொஞ்சநேரம் நின்றதை
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினார்.
ஒன்று, இரண்டு, ஏழு படி.
திரும்ப ஏறி வருகிற சத்தம்.
குடையை விட்டிட்டார் என்று நினைத்துக் கையில் எடுத்தேன்.
தலையை மட்டும் உள்ளே நீட்டி,
"பிள்ளை, ஐஸ் எண்டாலும்
கைப்பையிக்கை கொண்டுபோக விடுவாங்களோ?"