சுவர்ப் பக்கக் கிளை

டோர்ட்மூண்ட் நத்தார்ச் சந்தையில்
தன் உண்டியல் காசு ஆறரை யூரோ கொடுத்து
சாம்பவி வாங்கி வந்தாள்
ஒரு கண்ணாடி பியர்க் குவளை.
பெருவிரல் உயரம். தேன் நிறம்.
மேலே வெள்ளைப் பூச்சில் நுரை,
நுரையின்மேல் சீனி தூவினதுபோல் மினுக்கம்.
கைபிடிகூட உண்டு,
யாருடைய விரலும் நுழையாத கைபிடி.

"அப்பாவுக்குப் பிடிக்கும்தானே?"
எட்டு வயது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அல்லது அவ்வளவுதான் என்று
நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு உடனே
போத்தல் மெஷினின் சத்தம் காதில் கேட்டது.
வட்ட வாய்க்குள் வைத்தால்
உருட்டிப் பார்த்து, விழுங்கி,
ஒன்றுக்கு எட்டுச் சதம் என்று கணக்கெழுதும்.
வரிசையில் பின்னால் நிற்கிற சனம்
என் பையைப் பார்க்கும், பிறகு என் பொட்டைப் பார்க்கும்.
போன மாரிக்குப் பிள்ளைக்கு வாங்கின பனிச் சப்பாத்து
முந்நூற்றுப் பன்னிரண்டு போத்தல்.
ஒரு சதம் மிச்சம் வந்தது.

ஆவணியில் கெவெலார் மாதாவிடம் போய் வந்தோம்.
நாங்கள் சைவம். மாதா அதைக் கேட்கவில்லை.
அவர் அங்கே என்ன கேட்டாரோ,
வந்த அன்றிலிருந்து தொடவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.
குசினிக் கலண்டரில் மட்டும்
ஒவ்வொரு இரவும் ஒரு புள்ளி,
பென்சிலால்,
தேவைப்பட்டால் அழிக்கலாம் என்று.

குவளையை வாங்கி
சுவர்ப் பக்கக் கிளையில் மாட்டினேன்,
லைற் வயரை ஒளித்துவைத்த இடத்தில்.
விடிய எழும்பிப் பார்த்தால்
அது முன்னுக்கு நிற்கிறது,
தேவதைக்கும் சிவப்புப் பந்துக்கும் நடுவில்.
பிள்ளையின் வேலை.
திரும்பவும் பின்னுக்கு வைத்தேன்.
அடுத்த நாளும் முன்னுக்கு.
மூன்று நாள்
நானும் அந்தக் குவளையும்
கள்ளன் பொலிஸ் விளையாடினோம்.

நாலாம் இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
பார்சல் டிப்போவில் வேலை முடித்து வந்த தவநேசன்
ஜக்கெற்கூடக் கழற்றாமல்
மரத்துக்கும் சுவருக்கும் இடையில்
வயிற்றை எக்கி நுழைந்துகொண்டிருந்தார்.
சுடுசட்டி தொடுவதுபோல்
இரண்டு விரலால் அதைக் கழற்றியவர்
என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"பின்னுக்கு வைக்காதை.
முந்தி நான் பின்னுக்குத்தான் வைக்கிறனான்."

அரிசி வாளிக்குப் பின்னால்.
உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால்.
ஒருமுறை சாமித்தட்டில்
முருகன் படத்துக்குப் பின்னால்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நத்தாருக்கு வந்த இரத்தினகுமார்
மரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு
"என்ன அண்ணை, உங்கட அளவு
இவ்வளவு சின்னதாப் போச்சு?" என்றான்.
வீடே சிரித்தது.
அவரும் சிரித்தார்,
தோடம்பழச் சாறு வார்த்த கை
கொஞ்சம் மேசையில் சிந்தியது.
நான் துணி எடுக்கப் போனேன்,
போனவள் குசினியில் சற்று நேரம் நின்றேன்.

தை ஆறு.
மரம் முள்ளுக் கொட்டத் தொடங்கிவிட்டது.
சோடினைகளைப் பழைய விளம்பரத் தாள்களில் சுற்றினோம்.
ஒரு தாளில் இருபது போத்தல் பெட்டி மலிவு விலையில்.
அதையும் சேர்த்துத்தான் சுற்றினேன்.
சாம்பவி குவளையைக் கவிழ்த்து
ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள்.
கொஞ்சம் வெள்ளி, பிறகு ஒன்றுமில்லை.
முட்டைக் கோதின் பாரம்.

"இதை மெஷினுக்குள் போட்டால் எவ்வளவு தரும்?"

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
"அது இதை எடுக்காது, பிள்ளை."

அதற்குள் கொளுக்கி கழன்று
கம்பளத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது.
காலில் குத்தும் என்று
மூன்று பேரும் முழங்காலில் நின்று
தேடத் தொடங்கினோம்.