நீலச் செருப்பு, வலது கால்

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம்.
காவேரி இங்கே ஓடவில்லை.
பட்டினம் என்றால் கடல் இருக்க வேண்டும்,
அதுவும் இல்லை.
ஓடுவது தென்பெண்ணை.
மே மாதத்தில் அதுவும் ஓடாது,
பாலத்தடியில் மணலும் சீமைக்கருவேலும் கிடக்கும்.

ஆனால் போன கார்த்திகையில் ஓடியது,
பாலம் அதிர அதிர.
வேடிக்கை பார்க்கப் போன லோகித்
கைப்பிடிச் சுவரில் கால் தூக்கி வைத்தபோது
வலது செருப்பு கழன்று விழுந்தது.
நீலம். தீபாவளிக்கு வாங்கியது.
அழுதவனிடம் அப்பா சொன்னார்:
"கடலூருக்குப் போயிருக்கும் விடு,
இந்த ஆறு அங்கதான் போய்ச் சேருது."
அப்பாவுக்கு அது ஒரு சமாதானம்.
லோகித்துக்கு அது ஒரு விலாசம்.

மே என்றால் மாங்காய்க் காலம்,
மாங்கூழ் கம்பெனி ராத்திரியும் ஓடும்.
அம்மா ரெண்டு நாள் லீவு கேட்டாள்.
"சீசன்ல கடலா?" என்றார் சூப்பர்வைசர்.
ரெண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள்,
மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரல்களோடு.

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை.
அடுத்த பஸ்ஸில் எனக்கு ஜன்னல் கிடைத்தது.
திருக்கோவிலூர்ப் பாலத்துக்குக் கீழே பெரிய மணல்வெளி.
"இதுவும் நம்ம ஆறுதான்" என்றார் அப்பா.
லோகித் என் மடிமேல் ஏறி எட்டிப் பார்த்தான்,
செருப்பு பாதி வழியில் இறங்கிவிட்டதா என்று.

கடல் எப்படி இருந்தது என்று
எல்லோரும் கேட்டார்கள், டீச்சர் உட்பட.
சத்தமாக இருந்தது.
அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும்
அப்பா செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு
பேண்ட்டோடு அதில் உட்கார்ந்துவிட்டார்.
அம்மா அலையில் கை வைத்தாள்,
சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.
புண்ணில் உப்பு.
பிறகு நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து
மறுபடி வைத்தாள்,
எடுக்கவே இல்லை.

உடனே பிரிண்ட் போட்டுத் தருகிற போட்டோக்காரர்
"பல்லைக் காட்டிச் சிரி பாப்பா" என்றார்.
எங்கள் ஊர் போர்த் தண்ணீர்
பழுப்புக் கோடு போட்ட பல்.
உதட்டை மூடிக்கொண்டே சிரித்தேன்.
படத்தில் எதையோ வாயில் அடக்கியிருப்பவள் மாதிரி இருக்கிறேன்.
கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோகித் மட்டும் குளிக்கவில்லை.
சுண்டல்காரரிடம் கேட்டான்:
"ஆறு எங்க வருது?"
தாழங்குடா பக்கம் கை காட்டினார்.
வெயிலில் நடந்தோம்.
ஆறு வந்திருக்கவில்லை.
வாயை மணல் அடைத்திருந்தது,
உள்ளே பச்சையாய்க் கொஞ்சம் தேங்கல்,
ரெண்டு படகு.

செருப்புகள் மட்டும் வந்திருந்தன.
வலைத்துண்டும் தெர்மாகோலும் ஒதுங்கிய இடத்தில்
குதிகால் வைத்தது, வார் அறுந்தது,
நண்டு குடியேறியது.
ஒரு மணி நேரம் புரட்டி
ஒன்றைத் தூக்கி வந்தான்.
நீலம். அவன் அளவு.
இடது கால்.

"உன்னோடது வலதுடா."
"தெரியும்" என்றான்.
அப்பா ஏதோ சொல்ல வந்து
சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார்.

வீட்டில் கட்டிலடியில்
அவனுடைய பழைய இடது இருந்தது.
இப்போது ரெண்டு இடது.
மீன் நாற்றம் என்று அம்மா வெளியே எறிந்தாள்.
சோப்புப் போட்டுக் கழுவி
உள்ளே கொண்டுவந்தான்.

இந்த ஐப்பசியில் அணை மதகைத் திறந்தார்கள்.
செருப்போடு பாலத்துக்கு ஓடினான், பின்னால் நான்.
கடலூரில் எடுத்ததைத்தான் போடப்போகிறான்
என்று நினைத்தேன்.
போட்டது அவனுடைய சொந்த இடது.

"என் வலது எவனுக்காவது கெடச்சிருக்கும்.
ஒத்தையை வெச்சிகிட்டு அவன் என்னா பண்ணுவான்?"

பழுப்புத் தண்ணீரில் அது ஒரு தரம் குப்புற விழுந்து
நிமிர்ந்து
ஓரமாகப் போனது.
அவனுக்கு அது எப்போதோ சின்னதாகிவிட்டது,
அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கட்டிலடியிலேயே இருக்கிறது.
எத்தனை தரம் கழுவினாலும்
பெருக்கும்போது கொஞ்சம் மணல் வருகிறது.
அம்மா திட்டிக்கொண்டே
வாசலுக்குத் தள்ளுகிறாள்.