பிழைத்திருத்தம்

எழுபத்தெட்டு என்று போட்டிருக்கிறார்கள், ஐயா.
கோவைப் பதிப்பு, ஏழாம் பக்கம்.
நகைக்கடைக்கும் போர்வெல் விளம்பரத்துக்கும் நடுவே
நீங்கள்.
பொருளியல் பேராசிரியர் சென்னியப்பன், வயது 78.
எண்பத்தேழு உங்களுக்கு.
சித்திரை வந்தால் எண்பத்தெட்டு.

ஆத்துப்பாலத்தில் டோக்கன் பதினொன்று.
"முன்னால பத்துப் பேர் இருக்காங்க" என்று உங்கள் மகன்
போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ரேஷன் வரிசையில் நின்று விலைவாசி எழுதிய மனிதருக்குக்
கடைசியிலும் வரிசை.

இரங்கல் கூட்டத்தில்
முன்னாள் துணைவேந்தர் ஒருவர் சொன்னார்:
"ஒரு புள்ளிவிவரத்தில்கூடத் தவறாதவர்."
மூன்றாம் வரிசையில் நான்
கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.
உள்ளே ஒரு துண்டுச்சீட்டு,
மைதாப் பசை காய்ந்து பழுப்பேறியது.

தொண்ணூற்று நாலு. விசைத்தறிக் கூலிக் குழு.
நீங்கள் தலைவர், நான் தட்டச்சர்.
சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் என்று
ஏழு மாதம்
தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி
அரிசி என்ன விலை, வாடகை எவ்வளவு,
கடன் யாரிடம் என்று கேட்டீர்கள்.
கருமத்தம்பட்டியில் ராக்கியண்ணன் மனைவி கேட்டாள்:
"இதையெல்லாம் எழுதீட்டுப் போயி என்னங்க பண்ணுவீங்க?"
"கூட்டிப் பாப்பனுங்க" என்றீர்கள்.
அதற்குமேல் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

அட்டவணை பதினேழு.
ஒரு தறிக் குடும்பத்தின் மாதச் செலவு
ஆயிரத்து நானூற்றுப் பத்து.
என் விரல் அடித்தது ஆயிரத்து நூற்று நாற்பது.
அன்றைக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல்.
காரணமில்லை இது, சொல்லிவைக்கிறேன்.
முந்நூறு பிரதி அச்சாகிச் சென்னை போய்விட்டது.
முதலாளிகள் சங்கம் அந்த எண்ணைத்தான்
முதலில் எடுத்துக்கொண்டது,
வெல்லக்கட்டி கிடைத்தாற்போல.

ஒரு ராத்திரி கண்டுபிடித்தீர்கள்.
காலையில் என் மேசையில், பென்சிலில்:
பக்கம் 212. 1,140 என்பதை
1,410 எனத் திருத்தி வாசிக்கவும்.
பிழை என்னுடையது. சென்னியப்பன்.

"முந்நூறு அடிச்சுருங்க அம்மிணி.
மைதா நான் வாங்கியாறேன்."
பம்ப் ஸ்டவ்வில் பசை காய்ச்சினோம்.
நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்ச்
செயலகத்தில் அறை அறையாக
உங்கள் கையாலேயே ஒட்டினீர்கள்.
குழுத் தலைவர் பசை டப்பாவோடு வந்தார் என்று
ஒரு சார்புச் செயலாளர்
ஓய்வுபெறும்வரை சொல்லிச் சிரித்தாராம்.

நாலு வருஷம் கழித்து அரசாணை:
ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது.
"அரசாங்கத்துக்குச் சராசரி போடத் தெரியுதுங்க அம்மிணி."
சிரித்தீர்கள். பிறகு ரொம்ப நேரம்
ஜன்னலைச் சாத்தி, திறந்து, சாத்தினீர்கள்.

தன் கூட்டலில்தான் தப்பு என்று நினைத்திருப்பார்;
அதனால்தான் அப்படி எழுதினார்.
இருபது வருஷம் இதை நம்பி
வாய் திறக்காமல் இருந்தேன்.

பிறகு கூட்டுறவு வங்கியில் ஒரு தணிக்கையாளர்,
திருச்செங்கோட்டுக்காரர், பேச்சுவாக்கில் சொன்னார்:
"பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறீருச்சுன்னா
வித்தியாசம் ஒம்பதுல வகுபடுமுங்க.
வகுபட்டா, கணக்குப் போட்டவனத் தேடாதீங்க.
எழுதுனவனத் தேடுங்க."

இருநூற்று எழுபது.
முப்பது ஒன்பது.

உங்களுக்கா தெரியாது.
அந்த ராத்திரியே தெரிந்திருக்கும்,
பென்சிலைச் சீவும் முன்பே.

அதன் பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி வந்தேன்.
காபி கொடுத்தீர்கள். துவரம்பருப்பு விலை பேசினோம்.
கேட்கவில்லை நான்.

இன்று காலை பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
எண்பத்தேழில் எழுபத்தெட்டு போக
மீதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே.
"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றான் பையன்.
"டைப்பிஸ்ட்" என்றேன்.
"யார் பண்ணின தப்புன்னு பாக்கறேன் மேடம்,
டெஸ்க்ல கேட்டு..."
"யாரையும் தேட வேண்டாம் தம்பி.
திருத்திப் போட்டாப் போதும்."

நாளைக்கு வருமாம்.
ஏதோ ஒரு பக்கத்தின் அடியில்,
ஒரு விரல் அகலம்.