கடலுக்கு லைட் அடித்தவர்கள்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு விளக்கு.
அதுவும் வாடகைக்கு.
மதுரையிலிருந்து துண்டில் சுற்றி மடியில் வைத்து வந்தேன்.
பக்கத்து சீட்டு அக்கா கேட்டாள்,
‘புள்ளைக்கு எத்தனை மாசம்?’

வாலிநோக்கம் உப்பளத்தில் பகல் காட்சி.
பாத்தி பாத்தியாய் வெள்ளை.
வெயில் கீழே விழுந்து, எழும்பி,
டெல்பினின் தாடைக்கு அடியில் நுழைந்தது.
கண்குழியில் நிழல் இல்லை, மூக்குக்கும் இல்லை.
முகத்தில் முகமே இல்லை.
உப்புக் குவியல் மூடும் கறுப்புத் தார்ப்பாயை
சபீனா ஒரு பக்கம் பிடித்து நின்றாள்.
அப்புறம்தான் கன்னம் என்று ஒன்று வந்தது.
வெளிச்சத்தைத் திருடுவதும் வேலைதான் என்று
நோட்டில் எழுதினேன்.
பேனாவிலும் உப்பு.

இரவு, கரையில்.
கவிழ்த்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து
அடகுச் சீட்டைப் படிக்கிறாள் டெல்பின்.
விளக்கின் வாயில் பட்டர் பேப்பர்,
எதிரே மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி.
மூடியை நக்க ஒரு பூனை.
பின்னால் கிளாட்வினின் பைக், ஹெட்லைட் எரிய,
அவள் முடியின் விளிம்பை மட்டும்
இருட்டிலிருந்து பிரித்துக்கொடுத்தது.

மூன்றாவது டேக்கில் பேட்டரி செத்தது.

‘கடலுக்கு லைட் அடிக்கிறது யாருப்பா?’

மரைன் போலீஸ். டார்ச் நேராக மூஞ்சியில்.
நேர் வெளிச்சத்தில் எல்லாரும்
ஆதார் அட்டையில் இருக்கிற மாதிரிதான்:
கொஞ்சம் குற்றவாளி.

கல்லூரிக் கடிதத்தை நீட்டினேன்.
ஏட்டு விரித்து டார்ச்சை அதில் அடித்தார்.
தாளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்
அவர் முகத்தில் மெல்ல ஏறியது.
பத்து வயசு குறைந்தது.
மீசைக்குக் கீழே யாரோ ஒரு பையன்.

‘சார், அப்படியே இருங்க.’

‘எதுக்கு?’

எதுக்கென்று சொல்ல எனக்கு நேரமானது.
சொல்லி முடித்தபோது
டார்ச் தெர்மாகோல் மூடியைப் பார்த்திருந்தது,
பிடித்திருந்தது அவர் கை.
‘அந்தப் பக்கம் பாதி மூஞ்சி தெரியலையேம்மா.’
‘தெரிய வேண்டாம் சார்.’
‘ம்.’

டெல்பின் சீட்டை விரித்தாள்.
அவர் மூச்சைப் பிடித்ததில் வெளிச்சம் லேசாக நடுங்கியது.
எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காத நடுக்கம்.

தூரத்தில், கடலில்,
ஏதோ ஒன்று இரண்டு முறை மினுக்கியது.
நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
டார்ச்சைத் திருப்பவில்லை,
நான் கட் சொல்லும் வரை.