பின்னணி

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
பள்ளிக்கரணை ரேடியல் சாலையோரம்
எங்கள் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.
நைட் டியூட்டி முடித்த கையோடு ஜெபக்கனி,
சீருடைமேல் ஸ்வெட்டர்,
கழுத்தில் கடன் வாங்கிய லென்ஸ்.
லிஃப்ட் மெக்கானிக் முஸம்மில்;
அவன் முக்காலிக்கு ஒரு கால் கேபிள் டையில் நிற்கிறது.
வங்கியில் காசாளராக இருந்த கோமளவல்லி
நோட்டோடு வருவார்.
பறவையையும் நூறு ரூபாய்க் கட்டுபோல
இருமுறை எண்ணித்தான் எழுதுவார்.

காற்று திரும்பினால்
பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை எங்கள் பக்கம்.
அப்போது யாரும் பேசுவதில்லை.
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு
கண்ணை மட்டும் வெளியே வைத்திருப்போம்.
இந்த வேலைக்கு அது போதும்.

நாமக்கோழி நூற்றுப் பன்னிரண்டு.
இல்லை, பதின்மூன்று;
ஒன்று தெர்மகோல் பலகைக்குப் பின்னால்.
தாழைக்கோழி ஒரு தண்டைக் காலால் தூக்கித் தின்கிறது,
குச்சி ஐஸ் பிடித்த பிள்ளைபோல.
பொரி உள்ளானா பச்சைக்காலியா என்று
பத்து நிமிடம் சண்டை.
பறவை எழுந்து போய்விட்டது.
சண்டை டீக்கடைவரை வந்தது.

எனக்கு ஒரு பழக்கம்,
யாரிடமும் சொன்னதில்லை.
வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்ததும்
மேல்பாகத்தை வெட்டிவிடுவேன்.
செந்நாரையின் தலைக்கு மேலே,
பூனைப்பருந்தின் இறக்கை முடிகிற இடத்தில்,
மங்கலாக ஒரு மஞ்சள் கட்டடம் நிற்கும்.
பி பிளாக். மூன்றாம் மாடி.
கொடியில் காய்கிற பச்சைத் துண்டு என்னுடையது.
இருபது வருடத் தவணையில் ஏழு முடிந்திருக்கிறது.
பட்டா சரி, அப்ரூவல் சரி,
வக்கீலும் பார்த்துச் சரி என்றார்.
சித்திரை வெயிலிலும்
லிஃப்ட் குழியில் மட்டும் நீர் ஊறுகிறது.
முஸம்மில்தான் வந்து இறைப்பான்.
அவனும் ஒன்றும் சொன்னதில்லை.

வெட்டிய பிறகு படத்தில்
நாரை, நீர், கோரை, கொஞ்சம் வானம்.
பார்க்கிறவர்கள் கேட்பார்கள்,
"இது எந்த ஊர்?"

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
நான்காம் நாள் விடிகாலை
கரண்ட் இல்லாத மாடிப்படியில் இறங்கினேன்.
கடைசி ஏழு படிகளைக் காணோம்.
கார்கள் கூரை மட்டும் காட்டி நின்றன.
ஒன்றின் விளக்கு நீருக்கடியில்
அணைந்து அணைந்து எரிந்தது.
அதற்கும் தூணுக்கும் நடுவே
கையளவு பழுப்பு.

முக்குளிப்பான்.

என்னைப் பார்த்தது. மூழ்கியது.
எண்ணத் தொடங்கினேன், பழக்கதோஷம்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு...
'விருந்தினர் வாகனங்கள் மட்டும்' பலகைக்குக் கீழே எழுந்தது,
அலகில் ஒரு பொடிமீன்.

கேமரா மேலே இருந்தது. போனில்தான் எடுத்தேன்.
கை நடுங்கியது,
குளிரில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
அந்தப் படத்தில் வெட்ட ஒன்றுமில்லை.
நான்கு பக்கமும் வீடு.

ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு கூடினோம்.
ஜெபக்கனியின் ஷூ இன்னும் காயவில்லை,
ரப்பர் செருப்போடு வந்திருந்தாள்.
போனை நீட்டினேன்.
கோமளவல்லி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"இடம்?"
"பி பிளாக், கீழ்த்தளம்."
எழுதினார்.
"எத்தனை?"
"ஒன்று."
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது:
வந்துபோவதா, இங்கேயே இருப்பதா.
முக்குளிப்பான் எங்கும் போகாது என்று
அவருக்குத் தெரியாதா?
இருந்தும் என்னைத்தான் பார்த்தார்.
முஸம்மில் குனிந்து
முக்காலியின் நல்ல காலைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இங்கேயேதான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது.
ஐந்தாம் தேதி. தவணை பிடித்துவிட்டார்கள்.

"நாமக்கோழியை யாராவது எண்ணுங்கப்பா"
என்றாள் ஜெபக்கனி,
"எனக்கு நகர்ந்துகிட்டே இருக்கு."