வைத்திக்குப்பம், வெள்ளி மாலை

முதல் வாரம் பிரார்த்தனை என்று செய்தி அனுப்பினேன்.
வந்தது நவ்காவ்கர் மட்டும்.
அடுத்த வாரம் சொற்பொழிவு:
மூன்று பேர்,
ஒருவர் பாதியில் எழுந்து போனார்.

பிறகு எழுதினேன்:
மாவு பிசைய ஆள் வேண்டும்.
கை கழுவிவிட்டு வரவும்.

மாடிப்படியெல்லாம் செருப்பு.
ஆரோவில்லிலிருந்து ஒரு வேன் நிறைய,
பெயரில் மட்டும் யூதராயிருந்த
அலைச்சறுக்கு மாஸ்டர்,
ஸ்கூட்டர்கள் வழியை அடைக்குதென்று
சண்டைக்கு வந்த கீழ்வீட்டு அஞ்சலாட்சி.
சிக்கிக்கொண்ட ஆறு இழைப் பின்னலை
அவள்தான் பிரித்துப் போட்டாள்.

ரொட்டி இறங்கியதும் கரண்ட் போனது.
செல்போன் விளக்கைத் தட்டப் போன கையை
யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மெழுகுவத்தி.
விரல் நீட்டாமல் எண்ணினார் நவ்காவ்கர்.
பத்து,
அஞ்சலாட்சியைச் சேர்த்தால்.

சேர்க்கலாமா?
வாய்வரை வந்த கேள்வி.
ரொட்டி சூடாயிருந்தது.