நிமிடத்துக்குக் கால் டிகிரி

பல்பொடி வெள்ளை. சிர்கோனியா.
பிசினில் குழைத்தால் தயிருமில்லை மோருமில்லை,
நடுவே ஒரு பதம்.
ஒளி விழுந்த இடம் மட்டும் இறுகும்.
தட்டு மயிரிழை உயரும், மறுபடி ஒளி,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு முறை.
சேதராப்பட்டில் பக்கத்து ஷெட்டில்
பிஸ்கட்டுக்கு அட்டைப்பெட்டி அடிக்கிறார்கள்.
எங்கள் ஷெட்டில்
எரிபொருள் மின்கலத்துக்கு வயிறு.

வெந்தால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்.
வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பார்கள்.
நாங்கள் சுருங்கப்போகும் பிள்ளையையே
பெரிதாக வரைகிறோம்.

பிசின் வெளியேறும் கட்டம்தான் பொல்லாதது.
நிமிடத்துக்குக் கால் டிகிரி ஏற்ற வேண்டும்.
அறுநூறைத் தொட நாற்பது மணி நேரம்.
அவசரப்பட்டால் உள்ளிருக்கும் புகை
வழி தேடிப் படலத்தைப் படலத்திலிருந்து பிரிக்கும்.
பார்த்தால் தெரியாது.
சிவப்பு மை தடவித் துடைத்தால்
தலைமுடி போல ஒரு கோடு நிற்கும்.

பதினோராவது துண்டில் நின்றது.

முந்தைய நாள் இரவுப் பணி என்னுடையது.
விடிந்தால் மாசிமகம். வைத்திக்குப்பத்தில்
சாமிகள் கடலுக்கு இறங்குமுன் போய்ச் சேரணும் எனக்கு.
கால் என்றிருந்த இடத்தில்
ஒன்று என்று அழுத்தினேன்.
ஒரு விரல், ஒரு பொத்தான்.
பிறகு கரண்ட் போனது, ஆறு நிமிடம்.
பதிவேட்டில் எழுதினேன்:
"விரிசல். காரணம், மின்தடை."

அமலோற்பவநாதன் நம்பினார்.
மின்துறை அலுவலகத்துக்கு நான்கு தடவை அலைந்தார்.
இரண்டு லட்சத்துக்கு பேட்டரி வாங்கி
உலைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.
மதியச் சாப்பாட்டை அதன் மேலேயே வைத்துச் சாப்பிடுவார்.
எனக்கு ரசம் இறங்காது.

பன்னிரண்டாவது கோணிப்போனது.
பதின்மூன்றைப் ஃபர்சானா கீழே போட்டாள்.
பதினான்கு, பதினைந்து பற்றிப் பேச வேண்டாம்.
பதினாறு மழைநாளில் ஈரம் குடித்தது.

இந்தக் கல்லுக்குள் ஆக்சிஜன் நடப்பது எப்படித் தெரியுமா?
கொஞ்சம் இட்ரியம் கலந்தால்
அணிவகுப்பில் அங்கங்கே ஆளில்லாத இடம் விழும்.
அந்தக் காலி இடத்துக்குத் தாவும்,
விட்டு வந்த இடம் இன்னொருவனுக்குக் காலி.
குறை இருப்பதால்தான் மின்சாரம்.
ஆனால் விரிசல் அந்தக் குறை அல்ல.
இதை இரவில் எனக்கு நானே
பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பதினேழு.
எண்ணூறு டிகிரியில் ஒரு பக்கம் ஹைட்ரஜன்,
மறுபக்கம் இந்த ஊர்க் காற்று,
உப்பை வடிகட்டி.
மீட்டரில் ஒன்று புள்ளி பூஜ்ஜியம் ஆறு.
"டார்ச் செல்லே ஒன்றரை வோல்ட்டு" என்றாள் ஃபர்சானா,
சொல்லிவிட்டு அழுதாள்.
வெளிக்குழாயின் நுனியில்
ஒரு சொட்டுத் தண்ணீர், விழலாமா வேண்டாமா என்று.
அமலோற்பவநாதன் பேட்டரியைத் தட்டிக்கொடுத்தார்:
"இவன்தான் காப்பாற்றினான்."

பதிவேட்டின் பழைய பக்கத்தைப் பிரித்தேன்.
பேனா எழுதவில்லை, உதறினேன்.
'மின்தடை'யை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
நிமிடத்துக்கு ஒரு டிகிரி. நான்தான்.
அதற்குக் கீழே என் கையெழுத்து, முழுப்பெயராக,
ம. தேவகுஞ்சரி.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
இரண்டாம் முறையும் படித்தார்.
வெளியே அட்டைப்பெட்டி லாரி பின்வாங்கிக் கத்தியது.
"அந்த ஆறு நிமிடம் கரண்ட் போனது நிஜம்தானே?"
"நிஜம்தான் சார்."
"அப்ப பேட்டரி இருக்கட்டும்" என்றார்.
என்னைப் பார்க்காமல்
பதினெட்டுக்குப் பொடி எடை போடப் போனார்.